வால்வும் அதன் நடுக்கமும்

சென்னையின் இசை வரலாற்றை எழுதுவோர் சபாக்களையும் வித்வான்களையும் மறப்பதில்லை. அந்த இசையை மயிலாப்பூர், தியாகராயநகர் வீடுகளின் கூடத்துக்குக் கொண்டுவந்த வால்வுக்கும், அதை ஆடாமல் தாங்கிய ரப்பர் துண்டுக்கும் அவ்வரலாற்றில் இடமில்லை.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். சூடேறிய கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் பிளேட்டை அடைகின்றன. இடையிலுள்ள மெல்லிய கம்பிச்சுருளான கிரிட் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. பெட்டியைத் தட்டினால் அது மாறும், மின்னோட்டமும் மாறும், ஒலிபெருக்கியில் மணியடித்தாற்போல் ஓர் ஓசை எழும். வால்வே மைக்காகிவிடும் இக்குறைக்கு மைக்ரோஃபோனிக்ஸ் என்று பெயர்.

1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கியபோது இக்குறை எங்கும் கடுமையாக இருந்தது. அக்கால வால்வுகளில் மெல்லிய இழையே நேரடியாகச் சூடேறி எலக்ட்ரான்களை உமிழ்ந்தது. வீணைத் தந்திபோல் அதிரவும் செய்தது. மேலைநாடுகளில் அதன் தலையில் கனமான தொப்பி கவிழ்த்தார்கள். அடியில் சுருள்வில் வைத்த தாங்கிகளைப் பொருத்தினார்கள். அதிர்வு தடுப்பான்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

பணமின்றி 1927இல் கிளப் நின்றது. அதன் ஒலிபரப்புக் கருவியைக் கொண்டு 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்பட்டது. 1954இல் மயிலாப்பூரை ஒட்டிய கடற்கரைச் சாலைக்கு மாறியது.

இதற்குள் வால்வும் மாறியிருந்தது. மறைமுகமாகச் சூடேறும் கேத்தோடு உறுதியான சிறு குழாய். இழைபோல் எளிதில் ஆடாது. ஆனால் வீட்டு ரேடியோ, வால்வையும் ஒலிபெருக்கியையும் ஒரே மரப்பெட்டிக்குள் குடிவைத்தது. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி பெட்டியை அதிரச்செய்யும். அதிர்வு வால்வுக்குப் போய், பெருகி, மீண்டும் ஒலிபெருக்கிக்கு வந்து ஊளையாகும். தம்புராவின் கார்வைமேல் அது படிந்தால் எது சுருதி, எது பெட்டியின் குரல் என்று பிரித்தறிவது கடினம். ஆகவே தயாரிப்பாளர்கள் சேசிஸை ரப்பர்மீது அமர்த்தினார்கள். கேங் கண்டென்சருக்கும் ரப்பர் கால்கள் வைத்தார்கள். ஆண்டுகள் செல்ல அந்த ரப்பர் இறுகிவிடும். வால்வு கெட்டதென ஒதுக்கப்படும் பல பெட்டிகளில் கெட்டது இதுதான்.

1950களில் டேப் ரிகார்டர்களுக்கும் மைக் பெருக்கிகளுக்கும் வந்த ஈஎஃப்86 வால்வில் மருந்தை உள்ளேயே வைத்தார்கள்: விறைப்பான உள்கட்டுமானம். மிகச் சிறிய மின்குறியைப் பெருக்கும் முதற்கட்டத்தில்தான் நடுக்கம் பெருங்கேடு என்பதை அறிந்த ஏற்பாடு அது.

இன்று வால்வின் கழுத்தில் மாட்டச் சிலிக்கோன் வளையங்கள் விற்கப்படுகின்றன. அவை கண்ணாடியின் அதிர்வை ஓரளவு அடக்கும்; உள்ளே கிரிட்டைப் பிடித்திருக்கும் மைக்காத் தகடு தளர்ந்திருந்தால் இறுக்கிவிடாது. கடைசிக் கட்டத்து வால்வுகளில் பலன் சொற்பம். பென்சிலால் மெல்லத் தட்டிக் கேட்டால் வளையம் வேண்டுமா, வேறு வால்வு வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

வால்வின் இதமான ஒலி என்று நாம் இன்று மெச்சுவதில் ஒரு பகுதி இந்த நடுக்கமாக இருக்கக்கூடும். அதைத் துடைத்துப் பாடகரின் குரலை மட்டும் நமக்குத் தரவே அக்காலப் பொறியாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள்.