ஆவாரம் பட்டையும் குரோமும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் தோல் ஷாப்புகள் பெருகிய ஊர்களில், குரோம் வரும் முன்பு தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதே செடிதான்.

தோலில் நிறைந்திருப்பது கொலாஜன் என்ற இயற்கைப் பாலிமர். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அதன் வடிவத்தை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்குச் சொன்னார்கள். பட்டையிலுள்ள டானினும் பெரிய மூலக்கூறுதான். குழியில் ஊறும்போது அது கொலாஜனைப் பல இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றுகிறது. ஒவ்வொரு பிடியும் தளர்வானது. ஏராளமாகச் சேரும்போது தோல் அழுகாது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே சாறு கெட்டியாக இருந்தால், டானின் மேலேயே ஒட்டி வழியை அடைத்துவிடும். நடுவில் பச்சைத்தோல் அப்படியே நிற்கும். அதனால் நீர்த்த சாற்றில் தொடங்கி, குழி மாற்றிக் குழி மாற்றிக் கெட்டிச் சாற்றுக்குப் போவார்கள். வாரக்கணக்கில் ஆகும் வேலை.

ஆவாரத் தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து அதைத் தடுத்தார்கள். கடுக்காயின் டானின் வேறு இனம் என்று வேதியியல் பின்னால் விளக்கியது, கைப்பக்குவம் முந்திக்கொண்டது. இந்தத் தோல்தான் ‘ஈஸ்ட் இண்டியா’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனீட்டைச் சோதித்தார். அவர் கண் வைத்தது கிணற்றில் கவலை இறைக்கும் தோல் பையின் மேல். ஓயாமல் தண்ணீரில் கிடந்தால் பட்டைத்தோலிலிருந்து டானின் கரைந்து வெளியேறும். குரோமியமோ கொலாஜனின் அமிலத் தொகுதிகளோடு பிணைந்து பக்கத்து இழைகளைக் கோத்துவிடுகிறது. தண்ணீர் அதை எளிதில் அவிழ்க்காது. பச்சைத்தோல் சுமார் 65 டிகிரி செல்சியஸில் சுருங்கும், பட்டைத்தோல் 80-ஐ ஒட்டி. நன்கு பதனிட்ட குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். வாரங்கள் பிடித்த வேலையும் ஓரிரு நாளில் முடிந்தது. பட்டைக் குழிகள் குறைந்ததில் வியப்பில்லை.

1970-களில் அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப் பதனீட்டுத் தோலுக்கும் கட்டுப்பாடு வைத்ததும், பளபளக்கும் ஷூ தோல் முக்கியமானது. அதன் பூச்சில் அக்ரிலிக்கையும் பாலியூரித்தேனையும் கலக்கிறார்கள். முன்னது மலிவு, பின்னது மடிப்பைத் தாங்கும். இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லையென்றால், நடக்கும்போது விரல் மடியும் இடத்தில் பூச்சு வெடிக்கும்.

சேராதவற்றுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வழக்கமான முறையில் குரோமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலைப் பற்றாமல் கழிவுநீரோடு போகும். தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததாக வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.