பிளேஸ் துரையும் வேடந்தாங்கல் கௌலும்

மதுராந்தகம் 'ஏரி காத்த ராமர்' கதை உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அடைமழை, ஏரி தளும்புது, கரை உடையப் போகுதுன்னு ராத்திரியில பார்க்கப்போன வெள்ளைக்காரக் கலெக்டர், வில்லும் கையுமா ரெண்டு பேர் கரையில காவல் நிக்கிறதைப் பார்த்தாராம். அவர்தான் லயோனல் பிளேஸ். 1794லேருந்து 1798 வரைக்கும் செங்கல்பட்டு ஜாகீர் கலெக்டர். கோயில்ல அவர் பேர் பொறிச்ச கல்வெட்டும் இருக்கு.

இந்தப் பதிவு ராமரைப் பத்தி இல்லை. அதே பிளேஸ் துரை பேர் அடிபடுற இன்னொரு ஏரி மதுராந்தகம் பக்கத்துலயே இருக்கு. வேடந்தாங்கல். சரணாலயம் பார்க்கப் போறவங்க பறவையைப் பார்த்துட்டு, பஜ்ஜி சாப்பிட்டுட்டு வந்துடறோம். இந்தக் கதையை யாரும் சொல்றதில்லை.

முதல்ல ஊர் பேரு. தொண்டை மண்டலத்துல தாங்கல்னா சின்ன ஏரி. அய்யப்பன்தாங்கல், பழவந்தாங்கல்னா நமக்கு பஸ்ஸும் ரயிலும்தான் ஞாபகம் வருது, அது வேற சோகம். வேடன் + தாங்கல்தான் வேடந்தாங்கல்னு வழக்கமா விளக்கம் சொல்லுவாங்க. ஆக, வேட்டைக்காரன் பேர் வெச்ச ஊர்லதான் பறவையைச் சுடக்கூடாதுன்னு கட்டுப்பாடு :-)

நடந்ததா சொல்றது இதுதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட ஆரம்பிக்கிறாங்க. ஊர்க்காரங்க நேரா கலெக்டர்கிட்ட போய் முறையிடறாங்க. பிளேஸ் அவங்களுக்கு ஒரு கௌல் எழுதிக் கொடுக்கிறார். கௌல்னா, 'இன்ன உரிமை உனக்கு உண்டு'ன்னு சர்க்கார் எழுதித் தர்ற உறுதிப் பத்திரம். 1798ம் வருஷத்துச் சமாச்சாரம். 1858ல அதைப் புதுப்பிச்சும் வாங்கியிருக்காங்க. அதிகாரபூர்வ சரணாலயம்னு அறிவிப்பு வந்தது 1936லதான்.

ஒரு ஒப்பீட்டுக்கு: அமெரிக்காவோட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872. அதுக்கு 74 வருஷம் முன்னாடியே ஒரு சின்ன ஊர் தன்னோட ஏரிக்குக் கையெழுத்து வாங்கி வெச்சிருக்கு.

சரி, ஏன் காப்பாத்தினாங்க? பறவைப் பாசம் மட்டும்னு நினைக்காதீங்க. இது சுத்தமான விவசாயக் கணக்கு. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். நவம்பர் வாக்குல நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கான்னு ஆயிரக்கணக்குல வந்து தண்ணிக்குள்ள நிக்கிற மரங்கள்ல கூடு கட்டும். எச்சமெல்லாம் தண்ணியில விழும். மடை திறந்தா அந்தத் தண்ணி உரத்தோட சேர்ந்து வயலுக்குப் போகும்.

இதுல சூட்சுமம் என்னன்னா, இந்தப் பறவைங்க இரை தேடறது பெரும்பாலும் இந்த ஏரியில இல்லை. சுத்துவட்டார வயல்கள்லயும் மத்த ஏரிகள்லயும்தான் நத்தையும் மீனும் பிடிக்குதுங்க. அதாவது பத்து ஊர்ச் சத்து தினமும் பறந்து வந்து ஒரு ஊர் ஏரியில இறங்குது, டெலிவரி சார்ஜ் இல்லாம. அப்படிப்பட்ட பறவையைச் சிப்பாய் சுட்டா, விவசாயிக்குக் கோபம் வராம என்ன செய்யும்?

அந்தக் காலத்துல ஊருக்குப் பொதுவானது எல்லாமே இப்படி ஒரு கணக்குல கட்டுப்பட்டுத்தான் இருந்திருக்கு. 1767லேருந்து 1774 வரை இதே ஜாகீர்ல பர்னார்டுங்கிற ஆங்கிலேயர் சுமார் 2000 ஊர்களை சர்வே பண்ணினார். களத்து மேட்டுல நெல்லைப் பங்கு போடறதுக்கு முன்னாடியே கோயில், தச்சர், ஏரிப் பராமரிப்புன்னு பொதுக் காரியங்களுக்குத் தனித்தனியா ஒதுக்கினதை அது பதிவு பண்ணியிருக்கு. ஏரிக்குன்னு ஒதுக்கின நெல் இருந்ததால ஏரியைப் பார்த்துக்க ஆள் இருந்தது. அப்புறம் வருமானமெல்லாம் கும்பினி கஜானாவுக்குப் போச்சு. ஏரிகள் சர்க்கார் சொத்தாச்சு, 'அது கவர்ன்மெண்ட் வேலை'ன்னு நாமளும் கை கழுவிட்டோம்.

வேடந்தாங்கல் தப்பிச்சதுக்குக் காரணம், பறவை தர்ற பங்கை எந்தக் கும்பினியாலயும் கஜானாவுக்குக் கொண்டுபோக முடியலை.

இப்ப என்ன ஆகுது? 1998ல ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டரும் சரணாலயம்னு அரசாணை வந்தது. 2020ல அதை 3 கிலோமீட்டராக் குறைக்கலாம்னு ஒரு முன்மொழிவு வந்து, பறவை ஆர்வலர்கள் கடுமையா எதிர்த்தாங்க. 'ரெண்டு கிலோமீட்டர்தானே'ன்னு தோணலாம். ஆனா மேலே சொன்னேனே, பறவைங்க சாப்பிடற இடம் வெளியிலதான். கூட்டை மட்டும் வெச்சிக்கிட்டு அடுக்களையை இடிச்சா எப்படி? 2022ல ராம்சர் பட்டியல்லயும் வேடந்தாங்கல் சேர்ந்தாச்சு. சந்தோஷம்தான்.

எனக்குக் கவலை சட்டத்தைப் பத்தி இல்லை. யூரியா மூட்டை கடையில கிடைக்குது. வயல் மனையா மாறினா பறவை எச்சத்தால யாருக்கு என்ன லாபம்? 1798ல கலெக்டர்கிட்ட ஓடினவங்க, கையில லாபம் இருந்ததால ஓடினாங்க. அந்த லாபம் போயிட்டா, அடுத்த தடவை யார் ஓடுவாங்க? சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்துப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்கிறதில்லை. அங்கே பழக்கமே கட்டுப்பாடா மாறியிருக்கு. அதனால நம்பிக்கையை முழுசா விட்டுடவும் மனசு வரலை.

உங்க சொந்த ஊர்ல ஏரியோ கண்மாயோ இருந்தா, இந்தத் தடவை ஊருக்குப் போறப்ப பெரியவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க. மடை திறந்து விட்டவர் யாரு, நீர்க்கட்டியா, மடைக்குடும்பனா? அவருக்கு எவ்வளவு நெல் கொடுத்தாங்க? எப்ப நிறுத்தினாங்க? தெரிஞ்சா எழுதுங்க. அந்தப் பெரியவங்களும் போயிட்டா கேக்கறதுக்கு ஆள் இருக்காது.