விலை எழுதிய ஆபத்து: சீட்டுக்கட்டு ரோக்லைக் ஆட்டங்களில் நிகழ்வுத் தேர்வின் வரலாறு

சீட்டுகளைச் சேர்த்துக் கட்டமைத்துப் போரிடும் ரோக்லைக் வகைக் கணினி விளையாட்டுகளில், ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் இடையே ஆட்டக்காரரின் முன் சிறியதொரு கதைக்காட்சி தோன்றி, இரண்டு மூன்று வழிகளைக் காட்டி, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இதற்கு நிகழ்வு என்று பெயர். ஒரு வழி அரிய பொருளைத் தந்து உயிரைக் குறைக்கும். மற்றொன்று எதையும் தராமல், எதையும் பறிக்காமல் விலகிப் போக விடும். பார்வைக்கு எளிதான இந்த அமைப்பு உருப்பெற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. தேர்வு செய்வதற்கு முன் ஆபத்தைப் பற்றி ஆட்டக்காரருக்கு எவ்வளவு சொல்லப்படுகிறது என்ற கேள்வியே அந்த நெடிய வளர்ச்சியின் அடிச்சரடாக ஓடுகிறது.

அமெரிக்காவின் சாண்டா குரூஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த மைக்கேல் டாய், கிளென் விச்மேன் ஆகியோர் 1980ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ‘ரோக்’ என்னும் ஆட்டத்தில் இந்த வரலாறு தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும் நிலவறை, ஒருமுறை இறந்தால் எல்லாவற்றையும் இழந்து முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிரந்தர மரணம் என்னும் இரு விதிகளை அது நிலைநிறுத்தியது. அவற்றைப் பின்பற்றிய ஆட்டங்களே ரோக்லைக் எனப்பட்டன. அதில் கிடைக்கும் குப்பிகளிலுள்ள திரவங்களின் நிறங்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றி வைக்கப்பட்டதால், நேற்று காயத்தை ஆற்றிய நிறம் இன்று கண்ணைக் குருடாக்கக்கூடும். ஆபத்து முழுவதும் மறைந்திருந்த காலம் அது. 1987இல் வெளிவந்த ‘நெட்ஹேக்’ இதை மேலும் விரித்தது. அதன் நீரூற்றுகளில் நீர் அருந்துபவரை நச்சுப் பாம்புகள் சூழலாம், நீர்ப்பேய் எழுந்து தாக்கலாம், அரிதாக அதே பேய் கேட்ட வரத்தையும் தரலாம். இவற்றுள் எது நேரும் என்பதற்கான குறிப்பு எதுவும் திரையில் இராது.

இதே காலத்தில் அச்சு நூல்களில் வேறொரு மரபு வளர்ந்தது. ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் ஆகிய இருவரும் 1982இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’ என்னும் விளையாட்டு நூலில், வாசகர் பத்தியின் இறுதியில் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய எண்ணிட்ட பத்திக்குச் செல்வார். தொடக்கத்தில் 7 முதல் 12 வரை அமையும் அதிர்ஷ்ட எண் ஒன்று அவருக்கு உண்டு. சோதனை வரும்போது இரண்டு பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை அந்த எண்ணுக்குள் அடங்கினால் அவர் தப்புவார். வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் அதிர்ஷ்ட எண் ஒன்று குறையும் என்ற விதிதான் இதில் மிக நுட்பமானது. அதிர்ஷ்டம் செலவழியும் பொருளானதால், இப்போது துணிவதா, பின்னர் வரப்போகும் பெரிய இக்கட்டுக்குச் சேமிப்பதா என்று வாசகர் எண்ண வேண்டியதாயிற்று.

கதைப்பத்தியும் நிரந்தர மரணமும் சிறப்பாக இணைந்த ஆட்டங்களுள் 2012இல் வெளிவந்த விண்கல ஆட்டமான ‘எஃப்டிஎல்’ குறிப்பிடத்தக்கது. விண்நிலையம் ஒன்றை ராட்சதச் சிலந்திகள் தாக்குகின்றன என்ற செய்தி வர, உதவிக்கு ஆள் அனுப்பிய ஆட்டக்காரர் பரிசு பெறவும் கூடும், பணியாளர் ஒருவரை இழக்கவும் கூடும். ஆனால் தகுந்த கருவி கலத்தில் இருந்தால், நீல எழுத்தில் கூடுதலான வழி ஒன்று தெரியும். ஆயத்தமாக வந்தவருக்கு ஆபத்தைத் தணித்துத் தரும் இந்த நீல வழி பெரிய முன்னேற்றம் என்றாலும், ஏனைய வழிகளின் விளைவு இன்னும் மறைவாகவே இருந்தது.

சீட்டுக்கட்டு இந்த மரபில் சேர்ந்த பிறகே நிலைமை அடியோடு மாறியது. டொனால்ட் எக்ஸ். வக்கரினோ வடிவமைத்து 2008இல் வெளியான ‘டொமினியன்’ என்னும் மேசை விளையாட்டில் ஒவ்வொருவரும் வலுவற்ற பத்துச் சீட்டுகளுடன் தொடங்கி, ஆட்டத்தின் போக்கிலேயே தம் கட்டை வளர்த்துக்கொள்வர். அதில் எதிராளியின் கட்டுக்குள் திணிக்கப்படும் சாபச் சீட்டு ஒரு புள்ளியைக் குறைப்பதோடு, நல்ல சீட்டு வரவேண்டிய இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பீட்டர் வேலன் 2014இல் வெளியிட்ட ‘ட்ரீம் குவெஸ்ட்’ இந்தச் சீட்டுமுறையை நிலவறைப் பயணத்துக்குள் கொண்டுவந்தது. அந்தோணி ஜொவனெட்டி, கேசி யானோ ஆகியோரின் மெகா கிரிட் நிறுவனம் 2017 நவம்பரில் முன்னோட்டப் பதிப்பாகவும் 2019 ஜனவரியில் முழுமையாகவும் வெளியிட்ட ‘ஸ்லே தி ஸ்பயர்’ இவை அனைத்தின் முதிர்ந்த வடிவமாகும்.

அந்த ஆட்டத்தின் பெரும்பாலான நிகழ்வுகளில் விலை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். இரும்புக் கழிவு நிறைந்த கூழ் உயிரினம் ஒன்றின் உடலுக்குள் கைவிட்டுத் துழாவும் நிகழ்வை எடுத்துக்கொண்டால், முதல் முயற்சிக்கு 3 உயிர்ப்புள்ளி இழப்பு, பயண முழுவதும் பயன்தரும் ரெலிக் என்னும் அரும்பொருள் கிடைக்க 25 விழுக்காடு வாய்ப்பு. தோற்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு ஒன்றாலும் வாய்ப்பு பத்து விழுக்காட்டாலும் கூடும். மூன்று முறை வரை துணிபவர் அதிகபட்சம் 12 புள்ளிகளை இழந்து, நூற்றுக்கு ஏறத்தாழ 73 தடவை பொருளைப் பெறுவார். 80 புள்ளிகளுடன் தொடங்கும் அயர்ன்கிளாட் என்னும் வீரனுக்கு இது பெரும்பாலும் தாங்கக்கூடிய இழப்பே. ஆனால் அடுத்த அறையில் கடும்பகைவன் காத்திருக்க, 20 புள்ளிகளே எஞ்சியிருப்பவருக்கு இதே கணக்கு பயணத்தின் முடிவாகிவிடலாம். எண்கள் அனைத்தும் கண்முன் இருந்தும், அவற்றின் பொருளைத் தம் கட்டையும் வரைபடத்தையும் பார்த்து ஆட்டக்காரரே கண்டறிய வேண்டியிருக்கிறது. இந்த வகையின் உண்மையான சாதனை இதுவே எனலாம்.

பொற்சிலை நிகழ்வு இன்னும் ஆழமானது. பகைவரிடமிருந்து கிடைக்கும் பொன்னைக் கால் பங்கு கூட்டித்தரும் சிலையை எடுத்தவுடன் பெரும்பாறை உருண்டு வர, தப்ப மூன்று வழிகள் உள்ளன: கட்டில் காயம் என்னும் சாபச் சீட்டை ஏற்பது, பாறையை உடைத்து, உச்ச உயிரளவில் 25 விழுக்காட்டுக்கு இணையான புள்ளிகளை உடனே இழப்பது, அல்லது அந்த உச்ச அளவிலேயே 8 விழுக்காட்டை நிலையாகக் குறைத்துக்கொள்வது. உடனடி இழப்பு ஓய்விடத்தில் ஆறும்; உச்ச அளவில் நேரும் குறைவு ஓய்வால் ஆறாது; சாபமோ, முறைக்கு ஐந்து சீட்டு மட்டுமே எடுக்கும் ஆட்டத்தில் பயனற்ற ஒன்றாக மீண்டும் மீண்டும் கைக்கு வரும். டொமினியனின் சாபம் இங்கே எதிராளி திணிப்பதாக இல்லாமல், ஆட்டக்காரர் தாமே ஒப்புக்கொள்ளும் கடனாக உருமாறியிருப்பது கவனிக்கத்தக்கது. அச்சிலையை இறுதிவரை காத்தவர், மூன்றாம் கட்டத்தில் ‘மோவாய்’ என்னும் கற்றலையைக் காண நேர்ந்தால், அதற்குச் சிலையை அளித்து 333 பொன் பெறலாம்.

முன்னோட்டக் காலத்தில் ஆட்டக்காரர்களின் பயணப் பதிவுகளைத் திரட்டி, அவற்றைக் கொண்டு சீட்டுகளின் சமநிலையைப் படைப்பாளர்கள் திருத்திவந்தனர். அசென்ஷன் எனப்படும் கடினப்படிகளில் 15ஆம் படியை எட்டியவர்களுக்கு நிகழ்வுகளின் விலையே உயர்த்தப்பட்டது: கூழ் உயிரினத்தின் முதல் இழப்பு 5 ஆகவும், பாறையை உடைப்பதற்கான இழப்பு 35 விழுக்காடாகவும் ஏறின.

பின்வந்தவை அனைத்தும் இந்த வெளிப்படைத்தன்மையை அப்படியே ஏற்கவில்லை. டேனியல் மல்லின்ஸ் 2021இல் வெளியிட்ட ‘இன்ஸ்கிரிப்ஷன்’ ஆட்டத்தில், பசித்த மனிதர்கள் சூழ்ந்த தீயின் அருகே ஓர் உயிரினச் சீட்டை வைத்தால் அதன் வலிமை கூடும். மீண்டும் வைத்தால் இன்னும் கூடலாம், அல்லது அவர்கள் அதைத் தின்றுவிடலாம். விழுக்காடு எதுவும் அங்கே எழுதப்படவில்லை. ஆயினும் நச்சு உயிரினம் ஒன்றைத் தின்று அவர்கள் மடிந்துவிட்டால், அதன்பின் அந்தத் தீயைச் சீட்டு பறிபோகும் அச்சமின்றிப் பயன்படுத்தலாம் என்பதை ஆட்டக்காரர்கள் துணிந்து பார்த்தே அறிந்தனர். நெட்ஹேக்கின் நீரூற்றைப் பற்றிய அறிவும் முன்னொரு காலத்தில் இவ்வாறே திரண்டது.