எட்டுப் பக்க நூலுக்கு ஒரு மதிப்புரை

நூல் மதிப்புரை என்றதும் நினைவுக்கு வருவன நாவல்களும் கவிதைத் தொகுதிகளும் ஆய்வு நூல்களுமே. முதுகில் பெயர் அச்சிடும் அளவுக்குத் தடித்த நூல்கள் என்றும் சொல்லலாம். முதுகே இல்லாத நூல்களும் உண்டு. ஒரு தாளை மடித்து நடுவில் இரண்டு பின் அடித்தால் முடிந்துவிடும் நூல்கள் அவை. திருத்தணி மலையடிவாரக் கடைகளில் கயிற்றில் தொங்கும் கவசப் புத்தகங்களும், காவடிச் சிந்துப் புத்தகங்களும், வள்ளி திருமணத்தைப் படங்களாகச் சொல்லும் குழந்தை நூல்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. பழைய புத்தகக் கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் சித்திரக்கதை இதழ்களும், எவரோ தம் கைக்காசில் வரைந்து ஜெராக்ஸ் எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்த படக்கதைகளும் அவ்வாறே.

இத்தகைய சிறுநூல்களை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் வாங்கிப் படித்து, கோடு போட்ட நோட்டுகளில் நாலைந்து வரி மதிப்புரை எழுதி வருகிறோம். யாரும் கேட்டு எழுதியவை அல்ல, எங்கும் அச்சானவையும் அல்ல. வகுப்பில் தொல்காப்பியம் நடத்திவிட்டு வீட்டில் படக்கதைக்கு மதிப்புரை எழுதுவதைச் சக ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார்கள். அந்த நோட்டுகளை அண்மையில் எடுத்துப் புரட்டியபோது எழுந்த ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம். சிறுநூலுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி? நமக்கு முன் அதை யார் செய்தார்கள்?

*

முதல் விடை சற்று வியப்பளிப்பது. தமிழில் எட்டுப் பக்க நூலையும் எண்ணூறு பக்க நூலையும் ஒரே வரிசையில் வைத்துக் குறிப்பெழுதிய தொடக்ககால வாசகர்களுள் ஒருவர், அரசாங்க எழுத்தர்.

1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல் பதிவுச் சட்டம் இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியையும் அரசிடம் அளிக்கச் சொன்னது. வந்த நூல்களின் பட்டியலைக் காலாண்டுக்கு ஒருமுறை அரசிதழில் வெளியிட வேண்டும் என்றும் விதித்தது. 1857க்குப் பிந்தைய பத்தாண்டில் பிறந்த சட்டம் அது. மக்கள் எதை அச்சிடுகிறார்கள் என்று அறிந்துகொள்வதில் ஆட்சிக்கு இருந்த அக்கறையை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் பட்டியலின் கட்டங்களைப் பாருங்கள்: நூலின் பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், வெளியிட்ட இடம், அச்சிட்டவர், வெளியிட்டவர், வெளிவந்த நாள், பக்க எண்ணிக்கை, அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை படிகள், அச்செழுத்தா கல்லச்சா, விலை, உரிமை யாருடையது. நூல் நன்று, தீது என்று சொல்லச் சட்டம் விதித்த கட்டங்களில் இடம் இல்லை.

சென்னைக் குஜிலிக் கடை வட்டாரத்தில் அச்சாகித் தெருவில் பாடி விற்கப்பட்ட காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களின் வரலாற்றுக்கு இப்பட்டியல்கள் பெருந்துணை. ஒரு தாளை இரண்டு முறை மடித்தால் நான்கு இதழ்கள், எட்டுப் பக்கங்கள். அச்சகத்தில் பெரிய வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் ஓட்டிவிடலாம். பைண்டு வேலை இல்லை, முதலீடு சிறிது. கொலை, ரயில் விபத்து, வெள்ளம், புதிய வரி, கள்ளுக்கடை மறியல் என நேற்று நடந்ததை இன்று பாட்டாக்கி விற்க முடிந்ததற்கு இந்த மடிப்பே காரணம். அன்றைய பண்டிதர் உலகம் இவற்றை நூல் என்றே கருதவில்லை. பிற்காலத்தில் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற பெயரில் இவற்றை ஆய்வுக்குரிய பொருளாக நிலைநாட்டினார்.

பட்டியல் இருந்தால் போதாது, நூலும் வேண்டும். அங்கேதான் பொழுதுபோக்காளர் வருகிறார். கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பெருநூல்களோடு நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள், பாட்டுப் புத்தகங்கள் முதலியவற்றையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தார். அவருடைய தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அது சென்னையிலேயே தங்கி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்தது. பெரும் நிறுவனங்கள் குப்பை என்று கழித்ததை ஒரு பலகை ஓவியர் பத்திரப்படுத்தினார் என்பதை இலக்கிய வரலாறு எழுதுவோர் மறக்கலாகாது.

*

படத்துக்கு வருவோம். பாட்டுப் புத்தகங்களில் அட்டைப் படத்தைத் தாண்டி ஓவியத்துக்கு வேலை குறைவு. அவற்றின் மூத்த உறவான ‘பெரிய எழுத்து’ நூல்களில் படம் கதைக்குள் நுழைந்தது. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற சென்னைப் பதிப்பகங்கள் வெளியிட்ட விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை ஆகியவற்றில் பக்கங்களுக்கிடையே கட்டைப் படங்கள் வரும். ஒரே பிளாக்கை வேறு வேறு கதைகளுக்கு மாற்றிப் பயன்படுத்துவதும் வழக்கம். ஒரு நூலில் மன்னனாக நின்றவர் இன்னொன்றில் வேறு பெயரோடு நிற்பார். கண் மங்கியவரும் புதிதாக எழுத்துக் கற்றவரும் படிக்கும்படி எழுத்தும் பெரிது.

1947இல் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் தொடங்கினர். தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமனைச் சங்கர் வரைந்தார்; 2020இல் தம் தொண்ணூறுகளில் மறைந்தவர் அவர். அந்த ஓவியத்தை எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் குழந்தைகள் ஒரே மாதிரி பார்த்தார்கள். படம் ஒன்று, எழுத்து மட்டும் வேறு. இதைப் பின்னர் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

கட்டம் கட்டமாக, பேச்சுக் குமிழிகளோடு கூடிய சித்திரக்கதையைத் தமிழ்ச் சிறுவர் மனத்தில் நிலைநிறுத்தியது சிவகாசி. நாள்காட்டியும் தீப்பெட்டி லேபிளும் அச்சிட்ட ஊரில் 1972இல் ‘முத்து காமிக்ஸ்’ பிறந்தது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. பத்தாண்டு முன்னர் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தோன்றியவர் தமிழில் மாயாவி ஆனார். 1984இல் ‘லயன் காமிக்ஸ்’ மாடஸ்டியோடும், ‘ராணி காமிக்ஸ்’ ஜேம்ஸ் பாண்டோடும் வந்தன. ராணி 2005இல் நின்றது. இடையில் தடுமாறிய லயன் 2012இல் மீண்டெழுந்தது. நம் தலைமுறைக்குப் பள்ளிக்கூடப் பையில் பாடநூலுக்கு அடியில் இருந்தவை இவை.

இவற்றுக்கு மதிப்புரை எழுதியவர் யார்? 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ முதல், விமரிசனமே உயிர்மூச்சு என்று வந்த சிற்றிதழ்களின் அக்கறை கவிதையிலும் சிறுகதையிலும் நாவலிலும் இருந்தது. சிற்றிதழும் கைக்காசில் அச்சிட்டுச் சில நூறு பேருக்குப் போய்ச்சேர்ந்த சிறுவெளியீடே. ஆயினும் படக்கதையைத் தன் இனமாக அது எண்ணவில்லை. ஆகவே விமரிசனம் வாசகர் கடிதப் பகுதியில் நடந்தது. ஓவியம் தெளிவில்லை, மொழிபெயர்ப்பில் நகைச்சுவை போய்விட்டது, தாள் மட்டம் என்று அஞ்சலட்டையில் எழுதினார்கள். லயனின் ‘ஹாட்லைன்’ பகுதியில் ஆசிரியர் வாசகரோடு நேரே பேசினார். தமிழ்ச் சித்திரக்கதை விமரிசனத்தின் தொடக்ககால ஆவணங்கள் என்று அந்தப் பக்கங்களைத்தான் காட்ட முடியும்.

*

வெளியுலகில் இது வேறு வடிவம் கொண்டது. 1975 டிசம்பரில் டோக்கியோவில் முதல் ‘காமிக் மார்க்கெட்’ கூடியபோது, தாமே வரைந்து அச்சிட்டுக் கொணர்ந்த குழுக்கள் 32. வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். இன்று அது பல லட்சம் பேர் கூடும் திருவிழா. அமெரிக்காவில் மைக் குண்டர்லாய் 1982இல் ‘ஃபேக்ட்ஷீட் ஃபைவ்’ என்னும் இதழைத் தொடங்கினார். ஜெராக்ஸ் இதழ்களுக்கும் மினி காமிக்ஸுகளுக்கும் மதிப்புரை எழுதுவதே அதன் வேலை. ஒவ்வொன்றுக்கும் சில வரிகள். அவற்றோடு விலை, முகவரி, அளவு, பக்க எண்ணிக்கை. படித்தவர் நேரே அந்த முகவரிக்குப் பணம் அனுப்பி வாங்கலாம். அவரிடம் குவிந்த இதழ்கள் பின்னர் நியூயார்க் மாநில நூலகத்துக்குச் சென்றன. இந்தியாவிலும் ‘வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா’ அமைப்பினர், ஓவியப் பயிற்சி இல்லாத கிராமத்தவரும் நான்கு கட்டங்களில் தம் கதையை வரைந்து, ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டலாம் என்று காட்டினர்.

குண்டர்லாயின் இதழைப் பற்றி அறிந்தபோது நாம் மகிழ்ந்தோம். நம்மைப் போல் ஒருவர் இருந்திருக்கிறார் என்ற மகிழ்ச்சி. பிறகு நம் நோட்டைத் திறந்தோம். மகிழ்ச்சி குறைந்தது.

*

திருத்தணியின் வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு இவ்வூரும் அங்கே சென்றது. மங்கலங்கிழார் ஊர்தோறும் தமிழ் கற்பித்து வளர்த்த உணர்வும், ம. பொ. சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டமும், படாஸ்கரின் பரிந்துரையும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் இணைந்தது. எல்லை நகர்ந்ததே தவிர, மக்கள் நகரவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் காவடிகள் வருகின்றன. அடிவாரக் கடைக் கயிற்றில் தமிழ்ப் புத்தகமும் தெலுங்குப் புத்தகமும் அடுத்தடுத்தே தொங்குகின்றன. அட்டையில் முருகன் படம் பெரும்பாலும் ஒன்றே.

நம் நோட்டுகளில் தெலுங்குச் சிறுநூல் ஒன்றுகூட இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக அதே கயிற்றிலிருந்து தமிழை மட்டும் உருவி எடுத்திருக்கிறோம். படிக்கத் தெரியாது என்பது ஒரு காரணம். இந்த ஊரில் தமிழாசிரியராக இருப்பவர் அதைப் பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணம் இன்னொரு காரணம், அதுவே பெரிது. 1867இன் எழுத்தர் மொழிக்கு ஒரு கட்டம் வைத்து எல்லாவற்றையும் எழுதினார். நாம் அந்தக் கட்டமே வைக்கவில்லை.

இதனினும் வருத்தம் தரும் பக்கம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர் ஒருவர் ஒரு படக்கதை கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஏ4 தாள். மூன்று முறை மடித்து நடுவில் ஒரு கீறல் போட்டால், பின் அடிக்காமலேயே எட்டுப் பக்கமாகும் வகை. நெசவுக் குடும்பத்துப் பாட்டி ஒருவர் காவடியோடு மலை ஏறுகிறார். படிக்குப் படி நின்று யாரிடமாவது பேசுகிறார். உச்சியில் முருகனிடமும் அதே தோரணையில் பேசுகிறார். கதை அவ்வளவே. பாட்டியின் பேச்சு முழுவதும் தெலுங்கு. ஆனால் தமிழ் எழுத்தில். மற்றவர்கள் தமிழில் விடை சொல்கிறார்கள்.

நோட்டில் நாம் எழுதியது இரண்டே வரி. ஓவியம் தேறலாம், மொழிக் கலப்பு கதையைக் கெடுக்கிறது என்பது அதன் சாரம். அதையே அவரிடமும் சொன்னோம். “ஐயா, எங்க பாட்டி அப்படித்தான் பேசுவாங்க” என்றார். படைப்பில் எது தேவை என்று ஒரு சிறு உரை நிகழ்த்தினோம். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அதன்பின் அவர் எதையும் கொண்டுவரவில்லை. நம்மால்தான் நின்றார் என்று சொல்வது நமக்கு நாமே முக்கியத்துவம் கொடுத்துக்கொள்வதாகலாம். ஆனால் தாளை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டோம். படைப்பின் பெயரைக்கூட நோட்டில் எழுதவில்லை. எத்தனை படி எடுத்தார் என்று கேட்கவில்லை. இன்று அந்நூலுக்கு எஞ்சியிருப்பது நம் தீர்ப்பு மட்டும். நூல் இல்லாமல் தீர்ப்பு மட்டும் இருப்பது எத்தகைய அநீதி என்பதை இலக்கியம் படித்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

*

பெருநூலுக்கு மதிப்புரை எழுதுபவர் தவறலாம். நூல் நூலகத்தில் இருக்கும், அடுத்த தலைமுறை எடுத்துப் படித்து அவரைத் திருத்தும். சிறுநூலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு மழைக்காலமோ வீடு வெள்ளையடிப்போ போதும், நூல் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும். அதன்பின் மதிப்புரையே நூலின் ஒரே தடயம். ஆகவே அங்கே விவரம் முதலில் வர வேண்டும்; தீர்ப்பு பிறகு வந்தால் போதும். ஆட்சியின் கண்காணிப்புக்காக எழுதிய எழுத்தரும், அன்பினால் எழுதிய குண்டர்லாயும் நோக்கத்தால் எதிரெதிரானவர்கள். எனினும் பக்கம் எத்தனை, அளவு என்ன, விலை என்ன என்பதை இருவரும் விடவில்லை. நாமோ ரசனை இருக்கிறது என்ற துணிவில் அதை விட்டுவிட்டோம்.

இப்போது இதற்கு அவசரமும் கூடியிருக்கிறது. 1867இன் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2023ஆம் ஆண்டின் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அது பருவ இதழ்களோடு நின்றுகொள்கிறது. நூல்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு அதில் இல்லை. பொது நூலகங்களுக்குப் படி அனுப்பச் சொல்லும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. ஆனால் அடிவாரக் கடைப் புத்தகமும் மாணவர் எடுத்த ஜெராக்ஸ் தாளும் கன்னிமாரா நூலகம் வரை நடந்து செல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. காலாண்டுப் பட்டியல் எழுத்தரின் நாற்காலி காலியாகிவிட்டது. அதில் அமரக்கூடியவர்கள் ஊருக்கு ஒருவராக இருக்கும் பொழுதுபோக்காளர்களே.

புதிய நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டிருக்கிறோம். அதன் முதல் பதிவு, நினைவிலிருந்து எழுதிய அந்த மாணவரின் படக்கதை. பெயர் தெரியவில்லை, பக்கம் 8, ஏ4 தாள் ஒன்று, விலை இல்லை, மொழி தமிழும் தெலுங்கும். இரண்டாவது, சென்ற கிருத்திகையில் வாங்கிய தெலுங்குப் படப் புத்தகம். எழுத்துக் கூட்டி மூன்று பக்கம் படித்திருக்கிறோம். அதன் கருத்துக் கட்டம் இன்னும் வெற்றாகவே இருக்கிறது.