பெல்வின் திட்டம்: இங்கிலாந்தில் புயல் செலவும் உள்ளாட்சி மன்றங்களும்

1987 அக்டோபர் 15 இரவு தொடங்கி மறுநாள் காலைவரை தெற்கு இங்கிலாந்தில் வீசிய பெரும்புயலில் சுமார் 1.5 கோடி மரங்கள் சாய்ந்தன. பிரிட்டனில் 18 பேர் உயிரிழந்தனர். சாலைகளில் விழுந்து கிடந்த மரங்களை அறுத்து அகற்றும் வேலை உள்ளாட்சி மன்றங்களின் தலையில் விழுந்தது. அந்தச் செலவை மத்திய அரசிடம் கேட்டுப் பெற அப்போது ஒரு வழி இருந்தது. லீட்ஸ் நகர மன்றத்தின் தலைவராக இருந்து பின்னர் அமைச்சரான பெல்வின் பிரபுவின் பெயரால் 1983 முதல் வழங்கும் மானிய ஏற்பாடே அது.

இதற்குச் சட்ட வடிவம் தந்தது 1989ஆம் ஆண்டின் உள்ளாட்சி மற்றும் வீட்டுவசதிச் சட்டம். உயிரையும் உடைமையையும் காக்கவோ, துன்பத்தையும் கடும் இன்னலையும் தடுக்கவோ ஒரு மன்றம் எடுக்கும் 'உடனடி நடவடிக்கை'க்கு அரசு உதவலாம் என்கிறது அதன் 155ஆம் பிரிவு. 'உதவலாம்' என்பதால் மன்றத்துக்கு இது உரிமையாகவில்லை. ஒவ்வொரு பேரிடருக்கும் அமைச்சர் முடிவெடுக்க வேண்டும். ஆனால் திட்டத்தின் வரலாற்றைத் தீர்மானித்தது 'உடனடி' என்ற சொல்தான் என்பது என் கருத்து.

கணக்கு இப்படிப் போகும். மன்றம் தன் ஆண்டு வரவுசெலவில் 0.2 சதவீதம்வரை தானே ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்ட செலவில் வழக்கமாக 85 சதவீதத்தை 2014 வரை அரசு தந்தது. ஆண்டுக்கு 10 கோடி பவுண்டு புழங்கும் மன்றம் ஒரு புயலுக்கு 5 லட்சம் செலவிட்டால், முதல் 2 லட்சம் அதன் பொறுப்பு. மீதி 3 லட்சத்தில் அந்த விகிதப்படி 2.55 லட்சம் திரும்பக் கிடைத்திருக்கும். நிரந்தர ஊழியர்களின் வழக்கமான சம்பளத்தைக் கணக்கில் காட்ட முடியாது. மிகைநேர ஊதியத்தையும் வாடகை இயந்திரங்களையும் காட்டலாம். போதிய ஆட்களைச் சொந்தமாக வைத்திருக்கும் மன்றத்துக்குத் திரும்பக் கிடைப்பது குறைவு. வெளியாட்களை அமர்த்தும் மன்றத்துக்கு அதிகம். முன்யோசனைக்குத் தண்டனை விதிக்கும் இந்த விதியை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

2013-14 குளிர்காலத்தில் புயல்கள் அடுத்தடுத்து வந்தன. சோமர்செட் தாழ்நிலங்கள் வாரக்கணக்கில் நீரில் கிடந்தன. நிவாரணத்துக்குப் பணம் ஒரு தடையே அல்ல என்று பிரதமர் டேவிட் கேமரூன் அறிவித்தார். வரம்புக்கு மேற்பட்ட செலவு முழுவதையும் தர அரசு இசைந்தது. செலவுக்கான காலக்கெடுவும் மார்ச் இறுதிவரை நீண்டது. 85 சதவீதம் நூறானது; ஆனால் மூலதனச் செலவும் காப்பீடு செய்யக்கூடிய சேதமும் முன்போலவே வெளியே நின்றன.

விழுந்த மரத்தை அகற்றுவது உடனடி வேலை. புது மரம் நடுவது அப்படியல்ல. 1987க்குப் பின் மறுநடவுக்கென்றே தனிப் பணிக்குழு தேவைப்பட்டது. பெல்வினுக்கு வெளியே, 2007 கோடை வெள்ளத்துக்காகப் பிரிட்டனுக்கு ஐரோப்பிய ஒற்றுமை நிதியிலிருந்து சுமார் 16.2 கோடி யூரோ கிடைத்தது. சாலைச் சீரமைப்புக்குப் போக்குவரத்துத் துறை தனியே கொடுத்தது. ஒரே வெள்ளத்தின் செலவுக்காக மன்ற அதிகாரிகள் பல கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது.

2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின் வெள்ளம், கம்ப்ரியாவில் 1764இல் கட்டிய பூலி பாலத்தை அடித்துச் சென்றது. அன்றிரவு சாலையை மறித்துத் தடுப்பு வைக்க ஆகும் கூடுதல் செலவு பெல்வின் கணக்கில் வரக்கூடியது. புதுப் பாலம் அந்தக் கணக்குக்குள் வராது. அது 2020 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது.