அவலோன் மருத்துவி சூனியக்காரியான வரலாறு

அற்புதக் கதைகளிலே தீமை புரியும் ஆடவர்க்கும் தீமை புரியும் பெண்டிர்க்கும் காரணம் கற்பிக்கும் முறையில் ஒரு வேறுபாடு உண்டு. ஆடவன் மண்ணாசையினாலோ பழம் பகையினாலோ கொடியவனாகின்றான். பெண்ணின் கொடுமைக்கோ அவளது பெண்மையே பெரும்பாலும் காரணமாகக் கூறப்படுகின்றது. காதலில் ஏமாந்தாள், அழகு குன்றினாள், கற்கத் தகாத கல்வியைக் கற்றாள் என்னும் மூன்றனுள் ஒன்றைக் கூறிக் கதாசிரியர் அமைந்துவிடுவர். இம்மரபு எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிவதற்கு ஆதர் மன்னன் கதைகளில் வரும் மோர்கன் என்பவளின் வரலாறு பெரிதும் துணைசெய்யும். ஏனெனில், ஏறத்தாழ 870 ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் அப்பாத்திரம் தொடக்கத்திலே கொடியவளாக இருக்கவில்லை. அவள் படிப்படியாகக் கொடியவளாக்கப்பட்டாள். அப்படிகளை நூல்களைக் கொண்டே காட்டலாம்.

மொன்மத் ஊரினரான ஜெவ்ரி என்னும் சமயக் கல்விமான் 1150ஆம் ஆண்டளவில் மேர்லினின் வாழ்க்கையை இலத்தீன் மொழியிற் செய்யுளாக இயற்றினார். அதிலே கனிமரத் தீவு ஒன்று வருணிக்கப்படுகின்றது. ஒன்பது சகோதரியர் அதனை ஆளுகின்றனர். அவர்களுள் முதல்வியாகிய மோர்கன் அழகிலும் மருத்துவத்திலும் ஏனையோரை விஞ்சியவள். மூலிகைகளின் குணம் அறிந்தவள். உருமாறவும் வானிற் பறக்கவும் வல்லவள். தன் சகோதரியர்க்குக் கணிதம் கற்பித்தவள். போரிலே புண்பட்ட ஆதரைப் பொற்கட்டிலிற் கிடத்தி, காயத்தைத் தன் கையால் ஆராய்ந்து, தன்னிடம் நெடுநாள் தங்குவானாயின் குணமடைவான் என்று கூறுகின்றாள். மாயமும் மருத்துவமும் ஆசிரியத் தொழிலும் ஒருத்தியிடத்து ஒருங்கே அமைந்திருப்பதை அந்நூலாசிரியர் குறையாகக் கருதவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் பிரெஞ்சுப் புலவர் கிறெத்தியன் த துறுவா அவளை ஆதரின் சகோதரியாக்கினார். ஆயினும் அவருடைய கதைகளிலும் அவள் மருத்துவியே. எரெக் என்னும் வீரனின் புண்ணை ஆற்றியதும், இவேன் என்பானின் சித்தப்பிரமையைத் தீர்த்ததும் அவள் செய்த மருந்தே.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நிலைமை மாறிற்று. 1215க்கும் 1235க்கும் இடைப்பட்ட காலத்திற் பிரெஞ்சு மொழியில் எழுந்த பெரிய உரைநடைத் தொகுதியில், மோர்கன் அரசி கினிவியரின் பகைவியாகின்றாள். தன் உறவினனான கியோமர் மோர்கன்மேற் கொண்ட காதலைக் கினிவியர் தடுத்ததே பகைக்குக் காரணமாம். பின்னர், தனக்குத் துரோகம் செய்த காதலன்மீது கொண்ட சினத்தால், காதலிற் பிழைத்த வீரர் வெளியேற முடியாத பள்ளத்தாக்கு ஒன்றை அவள் மந்திரத்தால் அமைக்கின்றாள். இத்தொகுதியைத் தொடர்ந்து எழுந்த மற்றொரு நூல், மாயவித்தை பயிலத் தொடங்கியபின் அவள் அழகை இழந்தாள் என்று கூறும். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த, பச்சை வீரனைப் பற்றிய ஆங்கிலக் காவியத்திலோ, இளமங்கை ஒருத்தியின் அருகிலே சுருக்கம் விழுந்த கிழவியாக அவள் நிறுத்தப்படுகின்றாள். இவ்வாறு அறிவு கூடிய இடத்தில் அழகு குறைக்கப்பட்டது.

தோமஸ் மலோரி எழுதி முடித்து, 1485ஆம் ஆண்டில் வில்லியம் கக்ஸ்ரன் அச்சிட்ட ஆங்கிலப் பெருநூலில் இம்மரபு நிலைபெற்றது. அங்கே மோர்கன் கல்வி பயிலக் கன்னியர் மடத்துக்கு அனுப்பப்படுகின்றாள். அங்கேயே மாந்திரிகத்திலும் தேர்ச்சி பெறுகின்றாள். பின்னர், ஆதரின் வாளைத் தன் காதலன் அக்கொலனிடம் கொடுத்து ஆதரைக் கொல்ல முயல்கின்றாள். உறங்கும் கணவனை வெட்ட வாளோங்குகின்றாள். குருதி சிந்தாமற் காக்கும் வாளுறையை ஏரியில் எறிகின்றாள்.

இலக்கியத்திலே மருத்துவி மறைந்த அந்நூற்றாண்டுகளில் நாட்டு வழக்கிலும் பெண் மருத்துவர்க்கு இடம் சுருங்கிற்று. பெண்கள் கற்க இயலாத பல்கலைக்கழகங்கள் மருத்துவம் செய்யும் உரிமையைத் தம் பட்டதாரிகளுக்கே உரியதாக்க முற்பட்டன. 1322ஆம் ஆண்டிற் பாரிஸ் மாநகரில் யாக்கோபா பெலிசியே என்னும் மருத்துவி உரிமமின்றி மருத்துவம் செய்தாள் என வழக்குத் தொடரப்பட்டது. அவளால் நோய் நீங்கியவர்கள் சாட்சி கூறியும் அவள் தண்டமும் தடையும் பெற்றாள். கதை மாற்றத்துக்கு இத்தகைய வழக்குகளே காரணமெனத் துணிதல் பொருந்தாது. ஆயினும் கற்ற பெண்ணை ஐயத்தோடு நோக்கும் மனப்பான்மை இரண்டிலும் ஒன்றே எனலாம்.

மலோரியின் நூலில் மோர்கனை வெறுப்பதற்கு வேண்டிய செயல்கள் நிறைய உள்ளன. ஆனால், அதே நூலில் ஏனையோர் எந்த அளவுகோலால் அளக்கப்படுகின்றனர் என்பதையும் காணல் வேண்டும். மேர்லின் தன் மந்திரத்தால் ஊதர் மன்னனுக்குப் பிறன் உருவம் கொடுத்து, கோண்வால் கோமகனின் மனைவியை வஞ்சிக்கத் துணைபோகின்றான். அவ்விரவிலேயே கோமகனும் ஊதரின் படையோடு பொருது மடிகின்றான். மேர்லினோ இறுதிவரை அறிவன் என்றே போற்றப்படுகின்றான். ஆதர் தன் உயிருக்கு அஞ்சி, மே மாத முதல் நாளிற் பிறந்த உயர்குடிக் குழந்தைகளை மரக்கலத்தில் ஏற்றிக் கடலில் விடுகின்றான். கலம் உடைந்து பெரும்பாலோர் மாள்கின்றனர். அவனும் உத்தம அரசனாகவே விளங்குகின்றான்.

இறந்த அக்கோமகனின் மகளே மோர்கன். தந்தையை இழந்தாள், தாய் வஞ்சிக்கப்பட்டாள், அவ்வஞ்சனையிற் பிறந்தவனே அரசனானான். பழிவாங்கும் ஆடவன் ஒருவனுக்கு இவற்றுள் ஒன்றே போதுமான காரணமாக அமைந்திருக்கும். மோர்கனுக்கு இவை எல்லாம் இருந்தும் கதாசிரியர் எதனையும் எடுத்தாளவில்லை. காமமும் பொறாமையுமே அவளுக்குப் போதும் என விடப்பட்டன. ஆகவே, அவளைக் கொடியவளாக்கியதைவிட, அவளுடைய நியாயமான பகையை மறைத்ததே அவளுக்கு இழைக்கப்பட்ட பெரிய அநீதி எனலாம்.

அண்மைக் காலக் கதைகளும் இம்மரபினின்றும் எளிதில் விடுபடவில்லை. 1889இல் மார்க் ருவெயின், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கன் ஒருவன் ஆதரின் காலத்தை அடையும் கதையை எழுதினார். அதிலே மோர்கன் பேரழகி. தன்மேல் இடறிய ஏவற் சிறுவனைக் குத்திக் கொன்றுவிட்டு இன்சொற் பேசுபவள். கதாநாயகனோ இறுதியில் மின்வேலியாலும் பொறித் துப்பாக்கியாலும் 25,000 பேரின் அழிவுக்குக் காரணமாகின்றான். ஆசிரியர் இதனையும் எள்ளலோடே கூறினாராயினும், வாசகர் நினைவில் அரக்கியாக நிற்பவள் மோர்கனே. 1981இல் வெளிவந்த எக்ஸ்காலிபர் என்னும் திரைப்படம், தந்தையின் சாவை உணரும் சிறுமியாக அவளை முதலிற் காட்டியும், பின்னர் மயக்கி அழிப்பவளாக்கி, முதுமை எய்தச் செய்து கொல்கின்றது.

இதற்கு மறுமொழியாக, 1983இல் மரியன் சிம்மர் பிராட்லி அவலோன் மூடுபனி பற்றிய தம் நாவலில் கதையை மோர்கனின் நோக்கிலே கூறினார். 2008 முதல் 2012 வரை பீ. பீ. சி. ஒளிபரப்பிய மேர்லின் தொடரிலே, மாயவித்தைக்கு மரணதண்டனை விதிக்கும் நாட்டில் மேர்லினும் மோர்கனாவும் அவ்வாற்றலோடு பிறந்தவர்கள். தன் ஆற்றலுக்கு அஞ்சி வருந்தும் அவளிடம் மேர்லின் தன் உண்மையை மறைக்கின்றான். பின் நாட்டைக் காக்க நஞ்சும் ஊட்டுகின்றான். அவளது பகைக்கு இங்கே காரணம் கிடைக்கின்றது. ஆயினும் ஒரே ஆற்றல் அவனிடத்து அருளாகவும் அவளிடத்துச் சாபமாகவும் முடிகின்றது.

பெண் பாத்திரங்கள் யாவும் நல்லனவாதல் வேண்டும் என்பது இவ்வாராய்ச்சியின் முடிபன்று. மலோரியின் பெண்டிருட் பலர் காத்திருக்கவும் அழவும் மட்டுமே அறிவர். மோர்கனோ எண்ணுகின்றாள், திட்டமிடுகின்றாள், செய்கின்றாள். அவளைக் குற்றமற்றவளாக்கினால் அச்சிறப்பும் போய்விடும். ஆடவனின் தீமையைப் போலவே பெண்ணின் தீமைக்கும் செயலும் காரணமும் கூறி அளத்தலே வேண்டுவது.

பழைய மருத்துவியை மலோரியாலும் முற்றாக அழிக்க முடியவில்லை. நூலின் இறுதியில், குற்றுயிராய்க் கிடக்கும் ஆதரை ஏற்றிச் செல்ல ஓடத்தில் வரும் அரசியருள் மோர்கனும் ஒருத்தி. அவனைக் கொல்ல முயன்றவள் ஏன் அவனைக் காக்க வருகின்றாள் என்று மலோரி விளக்கவில்லை. ஜெவ்ரியின் நூலை அறிந்தோர்க்கு விளக்கமும் வேண்டுவதில்லை.