காற்றின் பதம்: நுண்ணலை அளவீட்டின் வரலாறு

மொழியியல் பயின்றவனுக்கு வானிலைக் கருவிகளோடு என்ன உறவு என்று, இப்பொழிவின் தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர் நேரிலேயே வினவினார். உறவு ஒரு சொல்லில் தொடங்கியது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், தோட்டத் தமிழ்ச் சொற்களைத் தொகுக்கும் பொருட்டுப் பல ஆண்டுகளுக்கு முன் சில வாரங்கள் தங்கியிருந்தேன். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அம்மலைச் சரிவுகளைத் தேயிலை நிலமாக்கியதில் தமிழர் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. கங்காணி, கிராணி, லயம், பிரட்டு முதலிய சொற்களை எதிர்பார்த்தே சென்றேன், அவை கிடைத்தன. எதிர்பாராமல் கிடைத்தது ‘பதம்’.

தேயிலைத் தொழிற்சாலையில் முதியவர் ஒருவர், வாட்டுவதற்காகப் பரப்பியிருந்த கொழுந்தில் ஒரு கை அள்ளி இறுகப் பிடித்தார். விரலை விரித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் பதம் வரல” என்றார். பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீரே. அதில் ஒரு பகுதியைக் காற்று உறிஞ்சிக்கொண்ட பின்னரே இலையைக் கசக்கி உருட்ட இயலும். சுவரில் இரண்டு வெப்பமானிகள் பக்கம் பக்கமாகத் தொங்கின. ஒன்றன் குமிழ் உலர்ந்தது. மற்றதன் குமிழை ஈரத்துணி சுற்றியிருந்தது. “ரெண்டும் ஒன்னா நின்னுச்சுன்னா இன்னைக்கு இலை வாடாதுங்க ஐயா” என்று விளக்கினார். ஈரத்துணியிலிருந்து நீர் ஆவியாகவில்லை என்றால், காற்று மேலும் நீரை ஏற்கும் நிலையில் இல்லை. வானிலையியலின் ஒரு முழுப் பாடத்தை அவர் ஒரு தொடரில் முடித்துவிட்டார்.

அன்றிரவு என் சொல்லட்டையில் ‘பதம்: இலை வாடிய அளவு’ என்று எழுதினேன். பிறகு ‘அளவு’ என்பதை அடித்துவிட்டு ‘நிலை’ என்று திருத்தினேன். பாகு பதம், சோற்றுப் பதம், பதமான மண் என்னும் வழக்குகளில் எங்கும் பதம் என்பது வெறும் அளவைக் குறிப்பதில்லை. ஒன்றோடொன்று பொருந்திய நிலையைக் குறிக்கிறது. ‘ஈரப்பதம்’ என்று கலைச்சொல் ஆக்கியவர் இதை எண்ணித்தான் ஆக்கினாரோ, அறியேன். ஆனால் சொல் நன்கு அமைந்துவிட்டது. இலங்கைப் பாடநூல்கள் ‘சாரீரப்பதன்’ என்று வழங்குகின்றன. சார்பு, ஈரம், பதன் மூன்றும் அதில் அடங்கியுள்ளன. எனினும் முதன்முறை படிக்கும் மாணவர் அதில் சாரீரத்தைக் கண்டு திகைப்பதும் உண்டு!

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஒரு கன மீட்டர் காற்றில் 13 கிராம் நீராவி இருப்பதாகக் கொள்வோம். வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் எனில் ஈரப்பதம் ஏறத்தாழ 43 விழுக்காடு; துணி நன்றாக உலரும். அதே நீராவியோடு அக்காற்று 15 பாகைக்குக் குளிர்ந்தால் ஈரப்பதம் நூறாகி, மூடுபனி இறங்கும். நீரின் அளவு மாறவில்லை, பதம் மாறிவிட்டது. ஆகவே வெப்பநிலையை அறியாமல் ஈரப்பதத்தைப் பேச இயலாது. இவ்விரண்டையும் ஒருசேர அறியும் வேட்கையே நாம் பார்க்கவிருக்கும் வரலாற்றை நடத்திச் செல்கிறது.

தொழிற்சாலைச் சுவரில் இரு வெப்பமானிகள் போதும். கூரைக்கு மேலே ஐந்து, பத்துக் கிலோமீட்டர் உயரத்துக் காற்றை எவ்வாறு அறிவது? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் வானொலிக் கருவி சுமந்த பலூன்கள் வந்தன. மலேசியத் தீபகற்பத்தில் பினாங்கு, கோத்தா பாரு, குவாந்தான் போன்ற கடலோர நிலையங்களிலிருந்து இவை ஏவப்படுகின்றன. ஆனால் பலூன் காற்றின் போக்கில் செல்லும். நாம் விரும்பும் மலைக்கு மேல் நிற்காது. தொடாமலே அறிய ஒரு வழி வேண்டியிருந்தது.

அவ்வழி ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் 1.25 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடார் கருவிகளை அமைத்தனர். அலை குறுகினால் உருவம் தெளியும் என்பது கணக்கு. ஆனால் அவர்கள் தேர்ந்த அலைநீளம், நீராவி மூலக்கூறு ஆற்றலை உறிஞ்சும் 22.2 கிகாஹெர்ட்சை ஒட்டி அமைந்துவிட்டது. இயற்பியலாளர் வான் விளெக் இவ்வாபத்தைக் கணித்து எச்சரித்திருந்தார். ஈரக்காற்றில் அந்த ரேடாரின் பார்வை மங்கியது. காற்று எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை அளந்தறியும் பணி ராபர்ட் டிக்கியிடமும் அவர் குழுவினரிடமும் வந்தது. டிக்கி அமைத்த கதிர்வீச்சுமானி அலை எதையும் அனுப்பாது. காற்று தானே உமிழும் மிக மெல்லிய நுண்ணலையை மட்டும் கேட்கும். கருவியின் சொந்த இரைச்சல் அதைவிடப் பன்மடங்கு பெரிது. எனவே வானத்தையும், வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளையும் விரைந்து மாறிமாறி ஒப்பிடும் உத்தியை அவர் கையாண்டார். பிளோரிடாவின் ஈரமான காற்றில் நிகழ்ந்த அவ்வளவீடுகள் 1946இல் வெளிவந்தன. ரேடாருக்குக் குற்றமாக இருந்தது, அளப்பவனுக்குக் குணமாயிற்று.

நீராவிக்கு 22 கிகாஹெர்ட்ஸ் போல 183 கிகாஹெர்ட்சிலும் ஒரு வலிய கோடு உண்டு. ஆக்சிஜனுக்கு 50 முதல் 60 வரை ஒரு பட்டையும் 118இல் ஒரு கோடும் உண்டு. வளிமண்டலத்தில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஆதலால் அது உமிழும் அலையின் வலிமை வெப்பநிலையைச் சொல்லும். கோட்டின் நடுவில் கேட்டால் கருவிக்கு அண்மையிலுள்ள காற்று மட்டும் பேசும். விளிம்பை நோக்கி நகர நகரத் தொலைவிலுள்ள அடுக்குகளின் குரல் வந்து சேரும். இவ்வாறு அடுக்கடுக்காகப் பிரித்தறியலாம். விமானத்தில் வைத்துக் கீழ்நோக்கினால், மழை பெய்யாத மேகத்தையும் பெரும்பாலும் ஊடுருவிப் பார்க்கலாம். அகச்சிவப்புக் கருவிக்கு மேகத்தின் உச்சியோடு பார்வை நின்றுவிடும். பிற்பகல்தோறும் மேகம் மூடும் மலைநாட்டுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

ரோசன்கிரான்ஸ், ஸ்டேலின் முதலியோர், வெப்பநிலையையும் நீரையும் விமானத்திலிருந்து நுண்ணலையால் அளந்த முடிவுகளை 1972இல் வெளியிட்டனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே நிம்பஸ்-5 செயற்கைக்கோள், இரண்டு நீராவி அலைவரிசைகளும் மூன்று ஆக்சிஜன் அலைவரிசைகளும் கொண்ட கருவியோடு விண்ணேறியது. செயற்கைக்கோள் வந்தபின் விமானத்துக்கு வேலை இல்லை என்று கருதலாகாது. பிரிட்டனின் வானிலைத் துறை ஹெர்குலிஸ் விமானத்தில் தன் கதிர்வீச்சுமானியைப் பறக்கவிட்டது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் அமைத்த ஹாம்சர் கருவி, ஆக்சிஜனுக்குப் பதினெட்டும் நீராவிக்கு ஏழுமாக இருபத்தைந்து அலைவரிசைகளோடு 2001இல் புயல்களின் மேல் பறந்தது.

இரண்டு வகை அலைவரிசைகளும் ஏன் வேண்டும்? 183இல் கருவி காட்டும் எண் உயர்ந்தால் அதற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம். காற்று வெப்பமடைந்திருக்கலாம்; அல்லது காற்று வறண்டதனால் பார்வை கீழிறங்கி, வெப்பமான அடுக்கைத் தொட்டிருக்கலாம். ஆக்சிஜனின் சாட்சியம் இன்றி இவற்றைப் பிரிக்க முடியாது. அந்த எண்ணை ‘ஒளிர்வு வெப்பநிலை’ என்பர். எந்த ஓர் இடத்தின் வெப்பநிலையும் அன்று அது. பல அடுக்குகளின் கலவை. மாணவர் இங்கே தவறுவது இயல்பு. பெயர்தான் தவறச் செய்கிறது.

2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சுச் செயற்கைக்கோள் மேகா-டிராபிக்ஸ். பெயரில் பாதி வடமொழி, பாதி பிரெஞ்சு. அதிலிருந்த சஃபீர் கருவி 183 கிகாஹெர்ட்சை ஒட்டிய ஆறு அலைவரிசைகளில் வெப்பமண்டலத்தின் ஈரத்தைக் கேட்டது. நிலநடுக்கோட்டுக்கு இருபது பாகைச் சாய்வில் சுற்றியதால் கேமரன் மலையும் அதன் பார்வைக்குள் அடிக்கடி வந்தது. ஆக்சிஜன் அலைவரிசை அதில் இல்லை. வெப்பநிலையைப் பிற மூலங்களிலிருந்து பெறவேண்டியிருந்தது. அதன் ஒரு புள்ளியின் அகலம் நேர்கீழே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். தானா ராத்தாவும் பிரிஞ்சாங் நகரும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். சரிவுக்குச் சரிவு மாறும் மூடுபனி அதில் தெரியாது. 20 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் ஹாம்சருக்கோ புள்ளி சுமார் 2 கிலோமீட்டர்தான்.

இந்த வேறுபாடு மலைவாழ் மக்களுக்கு ஏட்டுக் கணக்கன்று. 2013 அக்டோபரில் கனமழையைத் தொடர்ந்து ரிங்லெட்டை அடுத்த சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. மழைக்கு முந்திய காற்றின் ஈரத்தைப் பள்ளத்தாக்கு அளவில் அறிவது முன்னறிவிப்பின் முதற்படி. அது மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. காடழித்த சரிவும் மண் நிறைந்த நீர்த்தேக்கமும் வேறு கணக்குகள்.

மேகா-டிராபிக்ஸ் 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலின் மேல் திட்டமிட்டு இறக்கப்பட்டு எரிந்தது. தானா ராத்தா வானிலை நிலையத்தில் வெப்பமானிகள் தொடர்ந்து தம் பணியைச் செய்கின்றன. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையாகிய 7.8 பாகை, 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் பதிவானது. மேலிருந்து கேட்கும் எந்தக் கருவியும் தான் கேட்டது சரிதானா என்பதை, தரையில் காற்றைத் தொட்டு நிற்கும் இத்தகைய கருவிகளோடும் பலூன்களோடும் ஒப்பிட்டே உறுதி செய்துகொள்கிறது.